சம நஞ்சு

தையல்நாயகி வீட்டில் கழிவறை வாய் திறந்த பிறகுதான் காபி. செவ்வாயில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு சொட்டு நீரைக்கூட வீணாக்க முடியாத ஊரில் சிறுநீர் தனியார் சொத்து இல்லை. குடியிருப்பின் பொதுக் குளத்துக்குப் போகிற வழியில் அது ‘உடல்வாசிப்பான்’ என்ற கருவியைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்தின நாள் என்ன தின்றீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், எந்த நஞ்சு உடம்பில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதையெல்லாம் அது கனிவான பெண் குரலில், கூடம் வரை கேட்கும்படி சொல்லும். புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்கள் ஒரு வாரம் வெட்கப்படுவார்கள். அப்புறம் பழகிவிடும்.

தையல்நாயகி அடுப்பருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது தன் முடிவுக்காக இல்லை. உள்ளே போயிருந்தவர் கோதண்டபாணி. அவர் அவளுக்கு உறவும் இல்லை, விருந்தாளியும் இல்லை. அவள் கணவனைக் கொன்றவர் என்று தீர்ப்பாகி, அவள் வீட்டிலேயே தண்டனை அனுபவிக்கிறவர்.

“சுவடு எண் நூற்று நாற்பத்திரண்டு,” என்றது குரல். “நேற்றைவிடக் கூடியிருக்கிறது. மருத்துவரைப் பார்ப்பது நல்லது.”

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. எண் ஏறுகிற நாளில் அவருக்குக் காபியில் சீனி தாராளமாக விழும். நின்ற இடத்திலேயே நின்றால் சீனி கிடையாது. வெளியே வந்த கோதண்டபாணி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, “இனிப்பாத்தான் இருக்கு,” என்றார்.

“இருக்கும். குடியும்,” என்றாள்.

செந்தரைக் குடியிருப்பில் ஏறக்குறைய எல்லாரும் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். செவ்வாய் மண் முழுக்க ஒரு கெட்ட உப்பு கலந்து கிடக்கிறது. அதைக் கழுவி எடுக்காமல் ஒரு கீரைத்தண்டுகூட விளையாது. உப்போடு பழகியவர்கள் வேண்டும் என்று உப்பளத்துக் குடும்பங்களாகப் பார்த்து முதல் கப்பல்களில் ஏற்றிவிட்டார்கள். தலைமுறைகள் தாண்டியும் அவர்கள் பேச்சு மாறவில்லை, பழக்கவழக்கமும் மாறவில்லை.

மண் கழுவும் ஆலை கோதண்டபாணியுடையது. தையல்நாயகி குடியிருக்கிற ஏழாம் சந்து அந்த ஆலையின் முதுகுப்பக்கம் இருந்தது. தையல்நாயகியின் கணவர் சிற்றம்பலம் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கூட இல்லை. பயிர்க்கூடத்தில் செடிகளுக்கு வெயில் தருகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டவர். அவருக்கு முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு கையில் பிடித்த சாமான் எல்லாம் நழுவ ஆரம்பித்தது. அதன் பிறகு பேர்கள் ஒவ்வொன்றாக மறந்தன. கடைசியில் ஒரு நாள் அவளைப் பார்த்து, “நீங்க எந்தச் சந்து?” என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவர் இருந்த காலத்துக் கருவிகளுக்குப் பெரிய நஞ்சு மட்டும்தான் தெரியும். சின்ன நஞ்சைப் படிக்கும் புதிய வாசிப்பான்கள் பூமியிலிருந்து வந்து இறங்கியபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார். ஆனால் பொதுக் குளத்து நிலையத்தில் ஒவ்வொருவருடைய சொட்டையும் வருஷவாரியாக உறையவைத்துப் பாதுகாக்கிற வழக்கம் உண்டு. தையல்நாயகி அங்கே போய் உட்கார்ந்து, சத்தம் போட்டு, அழுது, மறுபடி சத்தம் போட்டு, கணவரின் சொட்டுகளைப் படிக்க வைத்தாள்.

நஞ்சு லேசுப்பட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் இருக்கிற இடம் தெரியாமல் உடம்பில் ஒளிந்துகொள்ளும். ஆனால் ஈரல் அதை விடாது, உடைத்து நொறுக்கி வெளியே தள்ளும். அந்த உடைசல்கள்தான் சுவடு. வருஷக்கணக்காக நஞ்சோடு மல்லுக்கட்டிய உடம்பு, கொழுப்பையும் சர்க்கரையையும் கையாளுகிற விதத்தையே மாற்றிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன நஞ்சு, எத்தனை வருஷமாக, எவ்வளவு என்று புட்டுப் புட்டு வைத்துவிடலாம். யார் கொடுத்தது என்பதை மட்டும் அது சொல்லாது. அதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். தையல்நாயகி சொன்னாள்.

ஆலையில் குழாய் கழுவுகிற கரைப்பானின் சுவடும் சிற்றம்பலத்தின் சுவடும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. சந்தில் மற்றவர்கள் உடம்பிலும் அதே சுவடு இலேசாகத் தென்பட்டது. “எங்க கரைப்பான் மூடின குழாய்லதான் ஓடுது,” என்று கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டார். அதற்கு முன்பு இரண்டு கசிவுகளை மூடி மறைத்து மாட்டிக்கொண்ட மனிதர் அவர். மூன்றாவது முறை அவர் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

தீர்ப்பு சமநஞ்சுச் சட்டப்படி வந்தது. பூமியில் ஊரையே நஞ்சாக்கிவிட்டு வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டால் போதுமாம். அதைப் பார்த்து வயிறெரிந்து கிளம்பி வந்தவர்கள் எழுதிய சட்டம் இது. நஞ்சு கொடுத்தவன் செத்தவரின் வீட்டில் வசிக்க வேண்டும். அவர் தின்றதைத் தின்று, குடித்ததைக் குடித்து, படுத்த இடத்தில் படுக்க வேண்டும். அவனுடைய சுவடு எண் செத்தவரின் எண்ணைத் தொடுகிற நாளில் விடுதலை. சிற்றம்பலத்தின் எண் முந்நூற்றுப் பத்து.

ஆகவே தையல்நாயகி கோதண்டபாணிக்குச் சமைத்துப் போட்டாள். கணவருக்குப் பிடித்த அதே புளிக்குழம்பு, அதே துவையல். ஒவ்வொரு கரண்டியையும் திட்டிக்கொண்டே ஊற்றுவாள். பெரிய இடத்தில் பிறந்து, கப்பலில் வந்த தீனியாகவே தின்று வளர்ந்த கோதண்டபாணி, முதல் வாரம் முகத்தைச் சுளித்தார். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்க ஆரம்பித்தார். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தண்டனைக்கு வந்தவன் ருசித்துச் சாப்பிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தீர்ப்பு வந்த அன்றே ஆலையைப் பூட்டிவிட்டார்கள். ஆலையே ஓடாதபோது எண் எப்படி ஏறும், இந்த ஆள் சாகிறவரை உன் வீட்டுச் சோற்றைத் தின்று கொழுக்கப்போகிறான் என்று சந்து முழுக்கச் சொன்னது. ஆனால் எண் ஏறியது. மாதாமாதம் வந்து பார்க்கிற சமன் அலுவலர் ஜெசிந்தா, “ஏறினா சரிதான்க்கா, எங்களுக்கு அதுதான் வேணும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏன் ஏறுகிறது என்று தையல்நாயகியும் கேட்கவில்லை. சாமி கண் திறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாள்.

கேட்டவர் கோதண்டபாணிதான். ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“தாயி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேட்டுத் தொலையும்.”

“ஆலையப் பூட்டி எத்தன மாசமாச்சு. குழாயெல்லாம் கழட்டிக் கொண்டுபோயிட்டாவ. இந்தக் கீர வெளைஞ்ச மண்ணுகூட வடக்குக் குடியிருப்புல கழுவுன மண்ணு. பொறவு எனக்கு எப்படி ஏறுது?”

“உம்ம பாவம் ஏறுது.”

“பாவத்துக்குச் சுவடு கெடையாது, தாயி.”

“வாய மூடிட்டுக் கீரைய ஆயும்.”

அவர் மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தார். ஆனால் அந்த வாரமே இன்னொன்று நடந்தது. காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்து உருண்டது. செவ்வாயில் எடை குறைவு, டம்ளர் விழுகிற சத்தமும் மெதுவாகத்தான் இருக்கும். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கோதண்டபாணி தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் அப்படித்தான் பார்ப்பார்.

இந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். கேட்டதும் ஆனந்தமாக இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கீழே கொட்டியதைத் துடைக்கக் குனிந்தபோது, கணவருக்காகத் துடைத்த ஞாபகத்தில் கை தானாகவே அவர் காலையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோதண்டபாணி பயந்துபோனார். பயத்தில் மூளை வேலை செய்தது.

“தாயி, நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாலயே நீங்க உள்ள போயிட்டு வந்துருதீங்க. உங்க எண் என்ன?”

“என் எண் உமக்கெதுக்கு?”

“சொல்லுங்களேன்.”

“மூணு. என்னைக்கும் மூணுதான்.”

“மூணா?” அவர் எழுந்தே நின்றுவிட்டார். “ஒரே வீடு, ஒரே காத்து. ஒரே பானைத் தண்ணி, ஒரே சட்டிக் கொழம்பு. ஆலையிலேருந்து வந்ததுன்னா உங்களுக்கும்லா வந்திருக்கணும்? உங்க வீட்டுக்காரருக்கு ஏறுச்சு, எனக்கு ஏறுது, உங்களுக்கு மட்டும் ஏறல. அவரும் நானும் செஞ்சு நீங்க செய்யாதது என்ன?”

அவள் அடுப்பைத் தணித்தாள்.

“அவரு படுத்த அந்தப் படுக்கையில நீங்க படுக்க மாட்டீங்க,” என்றார் அவர். “நான் ஒரு வாரம் தரையில படுக்கேன். எண் ஏறுச்சுன்னா, நான் கொலகாரன்தான்னு சந்துல நின்னு என் வாயாலயே சொல்லுதேன்.”

சட்டப்படி அவர் அந்தப் படுக்கையைவிட்டு இறங்கவே கூடாது. ஆனாலும் அவள் சம்மதித்தாள். அவர் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்கிற ஆசை அவளுக்குள் அத்தனை வருஷமாகக் கனன்றுகொண்டிருந்தது. தன் பழைய கோரைப்பாய்களில் ஒன்றை எடுத்து வீசினாள். அவர் கூடத்தில் விரித்துப் படுத்தார்.

எண் இறங்கியது. முதல் நாள் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம். கனிவான பெண் குரல், “முன்னேற்றம் தெரிகிறது, வாழ்த்துகள்,” என்று சொன்னபோது தையல்நாயகிக்கு அந்தக் கருவியை உடைத்துப்போடலாம் போலிருந்தது. வாரக் கடைசியில், அவர் கீரை வாங்கப் பயிர்க்கூடத்துக்குப் போன நேரத்தில், அவள் அந்தப் படுக்கையின் முன்னால் போய் நின்றாள்.

வீட்டிலேயே நல்ல சாமான் அதுதான். செவ்வாய்க் குளிருக்குத் தானே சூடாகிக் கொடுக்கும், பூமியில் செய்த ஒற்றைப் படுக்கை. வருஷத்தின் சிறந்த விளக்குக்காரர் என்று சிற்றம்பலத்துக்குக் கிடைத்த பரிசு. அது வந்து இறங்கிய அன்று சந்தே கூடி வந்து தொட்டுப் பார்த்தது. சிற்றம்பலம் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டே, “ஏட்டி, இந்தக் கவரப் பிரிச்சிருவோமா?” என்று கேட்டார்.

“ஐயையோ, கைய வைக்காதீங்க! பிரிச்சா பழசாயிரும்.”

“படுத்தா சலசலங்குது. ஒரு மாதிரி வாசம் வேற அடிக்கு.”

“புதுசு வாசம். அது அடிக்குற வரைக்கும் அடிக்கட்டும்.”

அவர் சிரித்துக்கொண்டே அதன்மேல் படுத்தார். எல்லாச் சாமானையும் அப்படித்தான் அவர்கள் வைத்திருந்தார்கள், சந்தில் எல்லாரும்தான். கப்பலில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் உறையோடு விளக்கு எரியும், உறையோடு நாற்காலி வருஷக்கணக்கில் நிற்கும். மங்கிப்போன உறைக்கு அடியில் சாமான் புதிதாக இருக்கிறது என்பதில் ஒரு பெருமை. வந்தவர்களிடம் ஓரத்தைத் தூக்கிக் காட்டி, “இன்னும் பிரிக்கவே இல்ல,” என்பார்கள். அந்த வீட்டில் நல்லது எது வந்தாலும் அது சிற்றம்பலத்துக்குத்தான். பழைய பாய், நசுங்கின டம்ளர், சாயம் போன சேலை எல்லாம் அவளுக்கு. அவரை அவள் அவ்வளவு அருமையாகத்தான் வைத்திருந்தாள்.

அவள் விரிப்பை உருவினாள். உறை மஞ்சளித்து, சூட்டில் வெந்து, படுக்கையோடு ஒட்டிப்போயிருந்தது. நடுவில் ஆள் படுத்த இடம் மட்டும் மெலிந்து தேய்ந்திருந்தது. தலைமாட்டில் பல மொழிகளில் ஒரே வாக்கியம் அச்சிட்டிருந்தது. தமிழிலும் இருந்தது: ‘பயணப் பாதுகாப்பு உறை. சூடேற்றும் முன் கட்டாயம் அகற்றவும்.’ அந்த வாக்கியம் அழிந்துவிடாமல் இருக்கத்தான் அவள் அதன்மேல் தலையணையை வைத்திருந்தாள் என்று தோன்றும், அவ்வளவு புத்தம் புதிதாக இருந்தது.

சூடாகும்போதெல்லாம் இந்த உறைதான் ஆலைக் கரைப்பானுக்கு அண்ணன் தம்பியான நஞ்சைக் கக்கியிருக்கிறது. பற்களைக் கடித்துக்கொண்டு உறையைப் பிய்த்தாள். பட்டை பட்டையாக உரிந்து வந்தது. நகம் இரண்டு பெயர்ந்தது. எல்லாவற்றையும் சுருட்டி, சந்துமுனையில் குப்பையை உருக்கும் உலையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, வெறும் படுக்கையின் முன்னால் உட்கார்ந்தாள்.

யாருக்கும் தெரியாது. இன்னொரு உறையை எங்கேயாவது பிடித்துப் போட்டு அந்த மனிதரை மறுபடி படுக்க வைத்தால் எண் தானாக ஏறி முந்நூற்றுப் பத்தைத் தொட்டுவிடும். ஊர் அவளை நியாயம் வாங்கியவள் என்று சொல்லும். அவர்தான் இரண்டு கசிவை மறைத்தவராயிற்றே, அதற்கு இது என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் இடம் இருந்தது. வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் சிற்றம்பலத்தைக் கொன்றவரைச் சும்மா விடுவதில்லை என்று சபதம் போட்டுத்தான் இத்தனை வருஷம் அவள் உயிரோடு இருந்தாள். கொன்றது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது விட்டுவிடுவதாவது!

மறுநாள் தீர்ப்பாயத்தில் தன் பேரிலேயே வழக்குப் போட்டாள்.

ஜெசிந்தா ஓடிவந்தாள். “அக்கா, இது தெரியாம நடந்ததுக்கா. உங்கள யாரு குத்தம் சொல்லப்போறா?”

“அவருக்கு மட்டும் தெரிஞ்சா நடந்துச்சு? தெரியலன்னு அவரும்தான் சொன்னாரு. அன்னைக்கு நீ என்ன சொன்ன? சுவடுதான் பேசும், வாய் பேசக் கூடாதுன்ன. இப்ப என் தலைக்கு வந்ததும் சட்டம் இளகுதோ?”

கோதண்டபாணியும் பெருந்தன்மை ஒன்றும் காட்டவில்லை. மரத்துப்போன விரல்களோடு விடுதலையான மனிதரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. அவள் வீட்டில் நஞ்சு வாங்கியவர் என்பதால் சட்டப்படி இப்போது அவரும் ஒரு பாதிக்கப்பட்டவர். “நானும் தெனம் காலைல கூடத்துல வந்து உக்காந்து அவங்க எண்ணக் கேக்கணும். அது எனக்கு உள்ள உரிமை,” என்றார். தையல்நாயகி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த ஊரில் அவளைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்று தோன்றியது.

தண்டனைக்கு முன் குற்றவாளியின் எண்ணைச் சபையில் படிக்க வேண்டும் என்பது விதி. படித்தார்கள். “மூன்று. குடியிருப்பிலேயே மிகக் குறைவு.” கூட்டத்தில் யாரோ பாராட்டாக எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். தையல்நாயகி அங்கேதான் உடைந்து அழுதாள். சிற்றம்பலத்தைத் தின்ற சாமான்களில் ஒன்றுகூடத் தன்னைத் தொடாமல் அவள் தள்ளியே இருந்திருக்கிறாள். தியாகம் என்று அதற்குத்தான் பேர் வைத்திருந்தாள்.

தீர்ப்பு ஒரே வரிதான். அதே படுக்கை, அதே உறை, எண் முந்நூற்றுப் பத்தைத் தொடும் வரை. ஆனால் உறை உலைக்குப் போய்விட்டதே! உறை இல்லாமல் படுத்தால் எண் ஏறாது. எண் ஏறாவிட்டால் தண்டனை முடியாது. முடியாத தண்டனை சட்டத்தில் கிடையாது. ஆகவே ஜெசிந்தா, குற்றவாளியையும் உடன் அழைத்துக்கொண்டு, அதே மாதிரி உறை கேட்டு ஏழாம் சந்தில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

பஞ்சமே இல்லை. முதல் வீட்டில் விளக்கின் உறை. இரண்டாவது வீட்டில் நாற்காலி உறை. பிரித்துத் தரச் சொன்னால்தான் தயங்கினார்கள். “இத்தன வருஷமா பிரிக்கல, இப்பப் போயி எதுக்கு? அடுத்த வீட்டுல கேட்டுப் பாருங்க.” சிலர் அலமாரியைத் திறந்து, எதற்காவது ஆகும் என்று மடித்து வைத்திருந்த பழைய உறைகளை எடுத்து நீட்டினார்கள். அதில் சிலது வற்றல் கட்டி வைத்ததாம், கழுவித் தந்தார்கள். இவர்கள் எல்லாரும் தீர்ப்பாயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவர்கள். சந்தில் எல்லார் உடம்பிலும் இலேசாக அந்தச் சுவடு ஏன் தென்பட்டது என்பது ஜெசிந்தாவுக்கு இப்போதுதான் உறைத்தது. அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

சரியான ரகம் கடைசி வீட்டில் கிடைத்தது. இசக்கி என்ற இளம்பெண்ணின் வீடு. நடுக்கூடத்தில் ஒரு தொட்டில், அதே படுக்கை செய்த அதே கம்பெனியின் தயாரிப்பு. தானே சூடாகிக் கொடுக்கும். உள்ளே, பளபளக்கிற உறையின் மேல், கன்னங்கள் சிவக்க ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“அத மட்டும் கேக்காதீங்க,” என்றாள் இசக்கி, இவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே. “போன கப்பல்லதான் வந்துச்சு.”

“ஏம்மா, வழக்கு முழுக்க நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?” என்றாள் ஜெசிந்தா.

“கேட்டேன், அழுகக்கூட செஞ்சேன். அந்த மாமா பாவம்லா! ஆனா அது படுக்க. இது தொட்டில்லா?” இசக்கி தொட்டிலின் ஓரத்தை ஆசையாகத் தடவினாள். “பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுறவரைக்குமாச்சும் புதுசா இருக்கட்டும்.”

தையல்நாயகி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். அதில் கெடுதல் ஒரு துளியும் இல்லை. வாழ்நாளெல்லாம் ஒரு கொலைகாரனைத் தேடியது எவ்வளவு சுலபமான வேலை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கூடவே ஆத்திரம் வந்தது. சிற்றம்பலம் செத்தபோது வந்ததைவிடப் பெரிய ஆத்திரம்.

குழந்தையை அள்ளி ஜெசிந்தாவின் கையில் கொடுத்தாள். தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டு, மூலையைப் பிடித்து, ஒரே இழுப்பில் உறையைக் கிழித்தாள்.

இசக்கி போட்ட கூப்பாட்டில் சந்தே திரண்டு வந்தது. “புதுத் தொட்டில நாசம் பண்ணிட்டாளே! பாவி, என் பிள்ளைக்குன்னு பாத்துப் பாத்து வச்சிருந்தேனே!” குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. வந்தவர்கள் உரித்த தொட்டிலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். சிற்றம்பலம் வருஷக்கணக்காகத் தேய்ந்து செத்தபோது வாய் திறக்காத சந்து, அன்றைக்குக் கொதித்தது. தண்டனைக் கைதிக்கு இவ்வளவு திமிரா என்றார்கள். ஜெசிந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், யாரும் கேட்கத் தயாராக இல்லை.

“உன்னச் சும்மா விட மாட்டேன்!” இசக்கி தையல்நாயகியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். கண்ணில் அப்படியொரு பகை. “எத்தன வருஷமானாலும் சரி. இதுக்குப் பழி வாங்காம நான் ஓய மாட்டேன், பாத்துக்கோ!”

தையல்நாயகி கிழிந்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, தண்டனையை அனுபவிக்கத் தன் வீட்டை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொட்டில் அளவுக்கு யார் வீட்டிலாவது நல்ல கவர் ஒன்று இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பேர் கொண்டுவர ஓடினார்கள்.